என் கையால் என்றுதான் கேட்டேன்

போன மாரியில், வாவித் தண்ணீர் ரோட்டுக்கு ஏறியிருந்த நாட்களில், என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிள்ளை பெற்றாள். பேரனுக்கு மூச்சு விடவே தெரியவில்லை. குழாய் போட்டு, மெசின்தான் அவனுக்காக மூச்சு விட்டது.

சபையாருக்குத் தெரியும், எனக்கு அதுதான் தொழில். ஆஸ்பத்திரியில் குறைமாதப் பிள்ளைகளின் மூச்சைப் பார்க்கிறவன். கெட்டிக்காரன் என்று நானே சொல்லிக்கொள்வேன், வேறு யாரும் சொல்லாததால். தாய்மார் தேடுவது எங்கள் வார்ட் தாதி நஸ்ரின் மிஸ்ஸியை. காத்தான்குடி முஸ்லிம் பிள்ளை. வேலை பழக்கியது நான். பிள்ளையோடு வீடு போன தாய்மார் திரும்பி வந்து வட்டிலப்பம் கொடுப்பது அவளுக்கு. அதில் எனக்கும் ஒரு துண்டு வரும். நல்ல ருசி. அதுவும் எரிச்சல்தான்.

சொந்தப் பிள்ளையை நாமே பார்ப்பதில்லை என்பது எங்கள் வார்ட்டின் வழக்கம். கை நடுங்கும். ஆகவே என் பேரன் யார் கையில் விழுந்தான் என்று சொல்லத் தேவையில்லை.

"அண்ணன், நீங்க கண்ணாடிக்கு அங்கால நில்லுங்க."

"குழாயைக் கொஞ்சம் பார்த்து, தங்கச்சி..."

"நீங்க பழக்கினதுதானே. நான் பிழை விட்டா உங்களுக்குத்தான் கெட்ட பேர்."

வெளியே நின்று ஜெபித்தேன். ஆண்டவரே, பேரனைக் காப்பாற்றும். என் கையால் காப்பாற்றும். அந்த இரண்டாவது வரி எப்படி வந்து ஒட்டியதோ, தினமும் அதையும் சேர்த்தே கேட்டேன்.

குழாயைக் கழற்றிப் பார்க்கும் நாள் வந்தது. கழற்றினாள். நெஞ்சு அசையவில்லை. உதடு நீலம் பாரித்தது. நான் கதவுப் பிடியைப் பிடித்தேன். திருப்ப முடியவில்லை. என் கை அப்படி ஆடியது. 'ஆர் கையாலயாவது, ஆண்டவரே' என்றேன். வேறு ஜெபம் வரவில்லை.

நஸ்ரின் அவசரப்படவில்லை. முகமூடியை வைத்து மெல்ல மெல்லக் காற்றுக் கொடுத்தாள். முதுகை விரலால் தடவினாள். பூனைக்குட்டிபோல ஒரு சத்தம் கேட்டது. அழுதது அவன். பிறகு நான்.

வெளியே வந்தவளிடம், "ஆண்டவர் என்ர ஜெபத்தைக் கேட்டுட்டார்" என்றேன்.

"ஓம் அண்ணன். நானும் உள்ளுக்குத் துஆ கேட்டுக்கொண்டுதான் நிண்டன்."

ஜெபத்திலும் போட்டிக்கு வந்துவிட்டாள்.

மகள் பிள்ளையோடு வீட்டுக்கு வந்ததும் மனைவி கேக் அடித்து என் கையில் தந்தாள். அத்தனை தாய்மாரும் வந்து நின்ற அதே வாசலில் தட்டோடு நின்றேன். "மிஸ்ஸி நிக்கிறாவா?" என்று கேட்டேன், வார்ட்டுக்குப் புதியவன்போல. அவள் முதல் துண்டை வெட்டி எனக்கே தந்தாள்.

இப்போது பின்வரிசை வாங்கில் இருந்து பாட்டுப் புத்தகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறானே, அவன்தான் பேரன். அவன் மூச்சு இழுக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஸ்தோத்திரம்தான்.

உங்கள் வீட்டிலும் கஷ்டம் இருந்தால் கேளுங்கள். அவர் தருவார். யார் கையில் கொடுத்தனுப்புவது என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். என் பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அதற்கும் ஜெபிக்கிறேன். நஸ்ரினையும் கேட்கச் சொல்லலாம். ஆனால் அவள் கேட்டால் உடனே கிடைத்துவிடுமோ என்றுதான் தயக்கம்.