தொட்டியில் பிழைத்த மடவைக் குஞ்சுகள்

கடலில் விஷம் கலக்க வழிவிட்டவன் நான். அதுவும் பிரியத்தால்! மீன்கள் மேல் வைத்த பிரியத்தால்... சிரிக்காதீர்கள்.

எழுபதுகளில் அடையாறில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். கப்பல்களில் வரும் ரசாயனத் திரவங்கள் கடலுக்கு எவ்வளவு கெடுதல் என்று பார்த்து வகை பிரிப்பது எங்கள் வேலை. கொடிய வகை என்றால் கப்பலின் தொட்டியைக் கழுவிய நீரைக் கரையில்தான் இறக்க வேண்டும். சாதுவான வகை என்றால் கடலிலேயே விட்டுவிடலாம். திரவம் கலந்த நீரில் மீன்களை விட்டு, அவை பிழைக்கின்றனவா என்று பார்த்துத் தீர்மானிப்போம்.

மீன் கொண்டுவருபவள் நொச்சிக்குப்பத்துக் கன்னியம்மா. முகத்துவாரத்தில் பிடித்த மடவைக் குஞ்சுகளைத் தவலை நீரில் சுமந்து வருவாள். மயிலாப்பூரில் பிறந்து, மீன் வாடையே அறியாமல் வளர்ந்த எனக்கு அவற்றின் மேல் அப்படியொரு பாசம்! சிலவற்றுக்குப் பெயரே வைத்தேன். பொரியைக் காட்டினால் குண்டு முதலில் வருவான், பட்டு வெட்கப்படுவாள். சோதனைக்கு மற்ற மீன்களைத்தான் விடுவேன்... இவர்களை ஒளித்து வைப்பேன்.

"இன்னா சாரு, மீனுக்கு ஊட்டிக்கினு கீறே? உன் வூட்ல தெரிஞ்சா தலை முழுகிடுவாங்க!" என்று கன்னியம்மா கேலி செய்வாள்.

ஒருநாள் ஒரு கப்பலின் திரவம் வந்தது. அழுகிய பழமும் மண்ணெண்ணெயும் சேர்ந்தாற்போல் ஒரு வாடை. அன்று வேறு மீன் இல்லை. என் செல்லங்களையே விட்டேன். சற்று நேரத்தில் குண்டு பக்கவாட்டில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடினான். பார்த்துக்கொண்டு நிற்க உங்களால் முடியுமா? எல்லாவற்றையும் அள்ளிப் பக்கத்துத் தொட்டியில், நல்ல நீரில் விட்டேன்.

மாலையில் எங்கள் ஆய்வுக்கூட அதிகாரி வந்தார். "மீனெல்லாம் உயிரோட இருக்கா?"

"இருக்கு சார்."

பொய்யா அது? நீந்திக்கொண்டுதானே இருந்தன! திரவம் சாதுவான வகையில் சேர்ந்தது. கப்பல் தொட்டியைக் கடலில் கழுவிவிட்டுப் போனது.

சில நாட்களில் நொச்சிக்குப்பத்தில் மீன்கள் செத்து ஒதுங்கின. வலையில் வந்ததையும் யாரும் வாங்கவில்லை. கன்னியம்மா ஒரு மீனை என் மூக்கருகே நீட்டினாள்.

"மோந்து பாரு சாரு. படிச்சவன் நீ, இது இன்னா வாடை? எவனும் வாங்க மாட்றான். புள்ளைங்களுக்கு இன்னாத்த ஆக்கிப் போடுவேன்?"

முகர்ந்தேன். அதே பழம், அதே மண்ணெண்ணெய்...

"தெரியலையே, கன்னியம்மா" என்றேன்.

அந்த வருத்தத்திலும் அவள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "இதுங்களாச்சும் பொழைச்சிக்கினு கீதுங்களே! எல்லாம் உன் கைராசி."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அவளுடைய பிரியம் போய்விடுமே என்ற பயம்! அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிட்டேன்... நெஞ்சு லேசாகவில்லை.

அதற்குப் பிறகும் அவள் எனக்கென்றே நல்ல குஞ்சுகளாகப் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்தாள். "சாரு கையில வுட்டா எதுவும் சாவாது" என்று குப்பத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.