கண்ணாடிக்குள் போகாத பெட்டி

சேலத்தில் ஒரு தனியார் அறக்கட்டளை நடத்தும் சின்ன அருங்காட்சியகத்தில், ஆண்டுதோறும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் மனிதநேயப் பணி செய்தவர்களைக் கூப்பிட்டு விருது கொடுக்கிறார்கள். போன ஆண்டு ஏழு பேர். அதில் ஒருவர் என் நண்பர். செவ்வாய்ப்பேட்டையில் மரக்கடை வைத்திருப்பவர், கத்தோலிக்கர், என்னைவிட மூன்று வயது இளையவர். மருத்துவமனைப் பிணவறையில் கேட்பாரற்றுக் கிடக்கும் உடல்களுக்குத் தன் செலவில் பெட்டி செய்து, கூடவே போய் அடக்கமும் செய்துவிட்டு வருவார். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து நானும் கூடப் போகிறேன். அவர் ஜெபம் சொல்லும்போது நான் தலையைக் குனிந்து நிற்பேன். முடிந்ததும் மண்ணைத் தள்ளுவோம்.

விருது வாங்குகிறவர் தன் பணியில் பயன்பட்ட பொருள் ஒன்றைத் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். அதைக் கண்ணாடிப் பேழையில் பெயரெழுதி வைப்பார்கள். கோடையில் வீதி வீதியாகத் தண்ணீர் விட்ட ஆட்டையாம்பட்டிக்காரர் தன் டேங்கர் லாரியின் பழைய குழாயைக் கொடுத்தார். நோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்றும் அம்மா ஒருவர் கரண்டியைக் கொடுத்தார். என் நண்பர் ஒரு பெட்டியைக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தார். பெரியவர்களுக்கானது அல்ல. இரண்டரை அடி நீளம்.

அந்த அளவில் ஒன்று அவர் கடையில் எப்போதும் தயாராக இருக்கும். இந்த வேலையைத் தொடங்கிய புதிதில், கைக்குழந்தை ஒன்றை மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் பையோடு அவர் புதைக்க வேண்டி வந்தது. அந்த அளவுக்குப் பெட்டி அன்று கையில் இல்லை. அதன் பிறகு ஒன்று செய்து வைக்காமல் அவர் இருந்ததில்லை. மூடியில் சிலுவையை இரண்டே திருகாணியில் மாட்டியிருப்பார், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். இந்துக்களான எங்கள் பக்கம் பெரியவர்களை எரித்தாலும் குழந்தைகளைப் புதைப்பதுதான். எந்த வீட்டுப் பிள்ளை என்று யாருக்குத் தெரியும்?

“ஏனுங்க, போயும் போயும் இதையா குடுக்கறீங்க?” என்று கேட்டேன்.

“கண்ணாடிக்குள்ள போயிட்டா இதுக்கு ஆள் வராது வாத்தியாரே. ஒரு பெட்டியாவது காலியாவே இருக்கட்டும்.”

விழா நாளன்று பெட்டியைக் குட்டி யானை சரக்கு வண்டியில் ஏற்றினோம். ஓட்டுநர் இறங்கி வந்து பார்த்தார்.

“எந்த ஆஸ்பத்திரிங்கய்யா?”

“ஆஸ்பத்திரி இல்லப்பா. விருது வாங்கப் போறோம்” என்றார் நண்பர்.

“உங்களுக்கா, பெட்டிக்கா?”

“ரெண்டு பேருக்கும்னு வெச்சுக்கோ.”

நண்பர் அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தார். எனக்குத்தான் ஒவ்வொன்றுக்கும் பதைப்பு. நேரமாகிவிடுமோ, மேடு பள்ளத்தில் பெட்டியின் வெள்ளைத் துணி அழுக்காகிவிடுமோ, பத்து மணி மாத்திரையை எடுத்து வந்தேனோ இல்லையோ. போய்ச் சேர்ந்தபோது நூற்றிருபது நாற்காலியில் பதினான்குதான் நிறைந்திருந்தது.

வாசலில் விழாக்குழுச் செயலாளர் நின்றிருந்தார். நடுத்தர வயது அம்மா, மரியாதையானவர். வண்டியில் இருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. குத்துவிளக்கு ஏத்தற இடம். ஸ்கூல் பிள்ளைங்க வேற பார்க்க வருவாங்க. இதை எப்படிங்கய்யா உள்ள வைக்கிறது?”

“புதுப் பெட்டிம்மா. யாரையும் வெச்சதில்லை” என்றார் நண்பர்.

“அது இன்னும் மோசங்கய்யா. காலிப் பெட்டி ஆளைக் கூப்பிடும்னு சொல்வாங்க. சுத்தியல், உளி ஏதாவது குடுங்களேன்.”

“சுத்தியலைக் குடுத்துட்டு நாளைக்கு எதால ஆணி அடிக்கிறது?”

அந்த அம்மா சிரித்துவிட்டார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

“கஞ்சிக் கரண்டி உள்ள போலாம், இது போகக் கூடாதுங்களா?” என்று நான் ஆரம்பித்தேன். கமிட்டியில் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார் அவர். நண்பர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேர் வந்து பெட்டியைக் கட்டடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இறக்கி, சாக்குப் போட்டு மூடினார்கள்.

மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுத்தார்கள். பாராட்டுரையை நான் உன்னிப்பாகக் கேட்டேன். ஆதரவற்றோர், அரும்பணி, கருணை உள்ளம் எல்லாம் வந்தன. பிணம் என்றோ சவம் என்றோ அடக்கம் என்றோ ஒரு தடவைகூட வரவில்லை. கீழே உட்கார்ந்து கேட்ட வெளியூர்க்காரர் யாராவது, இவர் அனாதை இல்லம் நடத்துகிறார் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்.

கூட்டம் முடிந்து பேழைகளைப் பார்க்கப் போனோம். நண்பரின் பெயருக்கு மேலே ஒரு சுத்தியல் இருந்தது. விழா நடக்கும்போதே யாரையோ கடைக்கு அனுப்பி வாங்கி வந்திருக்கிறார்கள். விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

நண்பர் கண்ணாடிக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். “பிடி நல்லா இருக்கு” என்றார்.

திரும்பும்போது அதே ஓட்டுநர்தான். “என்னங்கய்யா, பெட்டி பெயிலா?” என்று கேட்டார். பெட்டியைக் கடையின் பின்கட்டில் பழைய இடத்திலேயே வைத்தோம்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை பிணவறையிலிருந்து போன் வந்தது. பெண் குழந்தை, பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருக்கும். போலீஸ் விசாரணை முடிந்தும் யாரும் வரவில்லை. நான் பின்கட்டுக்குப் போய், அதே அளவில் இன்னொன்று இருக்கிறதா என்று பலகைகளுக்குப் பின்னால் எல்லாம் தேடினேன். இருப்பது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். இருந்தும் தேடினேன்.

கல்லறைத் தோட்டத்தில் அன்று சரியான காற்று. மெழுகுவர்த்தி நிற்கவில்லை. அவர் ஜெபத்தைச் சுருக்கவில்லை, எப்போதும்போல முழுதாகச் சொன்னார். குழி சின்னது என்பதால் மண் தள்ளச் சீக்கிரம் ஆகிவிட்டது.

கை கழுவும்போது சொன்னார், “விழாவுல வேண்டாம்னு சொன்ன அந்தம்மா மேல எனக்கு வருத்தம் இல்லை வாத்தியாரே. பெட்டி அங்க இருந்திருந்தாலும், வேற ஒண்ணு அடிச்சுத்தான் இதுக்குக் குடுத்திருப்பேன்.”

“ஆமாங்க” என்றேன்.

“புத்திக்குத் தெரியுது. ஆனா அந்த ஒண்ணுக்கு மட்டும் ஆள் வேண்டாம்னு இருந்தேன்.”

குழாயை மூடினார். சரியாக மூடவில்லை, சொட்டிக்கொண்டே இருந்தது. நான் போய்த் திருகி மூடிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை கடைக்குப் போனபோது அவர் ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். மரச்சீவல் சுருள் சுருளாகக் காலடியில் விழுந்து கிடந்தது. எதையும் அளவு கேட்காமல் நான் விட்டதில்லை. அன்று கேட்கவில்லை. பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.