கணவரை அழைத்து வந்தால் ஆடலாம்

கருங்கல் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ஒரு கிளப் உண்டு. சீட்டாட ஒரு அறை, பேப்பர் படிக்க ஒரு அறை, பின்னால் கூரை போட்ட ஷட்டில் கோர்ட். உறுப்பினர் ஆவதற்கு ஆணாக இருந்தால் போதும். வேறு எந்தத் தகுதியையும் அவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. உறுப்பினரின் மனைவியும் ஆடலாம், உறுப்பினர் கூடவே வந்தால்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்லூரி நாளிலிருந்தே ஷட்டில் ஆடுகிறவள். என் கணவருக்குக் கம்பி, சிமென்ட் வியாபாரம். பேட்டை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் உறுப்பினர் அவர்தான். ஆகவே தினமும் மாலையில் சினிமா டிக்கெட் மாதிரி அவரை எடுத்துக்கொண்டு போவேன். கோர்ட் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தபடி தூங்குவார். உறுப்பினர் விழித்திருக்க வேண்டும் என்று விதியில் இல்லை.

ஓணத்துக்கு மட்டும் விதி தளரும். அத்தப்பூக் கோலம் போடப் பெண்கள் வேண்டுமே! அன்றைக்குக் கணவர் துணையில்லாமல் உள்ளே போய் இடுப்பு ஒடியப் பூ நிரப்பலாம். பூ வாடியதும் விதி திரும்ப வந்துவிடும்.

பள்ளிக்கூடம், அடுப்படி, மாமியாரின் மாத்திரை என்று ஓடுகிற நாளில் அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கென்று இருந்தது. அதுவும் இல்லாவிட்டால் நான் யாரையாவது கடித்துவிடுவேன். என் ஜோடி ஒரு பல் டாக்டர். வயதில் இளையவன், அக்கா அக்கா என்று உயிரை விடுவான். நான் பின்னால் நின்று அடிப்பேன், அவன் வலையோரம் தட்டுவான். கிளப்பில் எங்களை லேசில் யாரும் ஜெயித்ததில்லை.

கணவருக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனது. நான் தனியாகப் போனேன். வாசலில் செயலாளர் நின்றார்.

“அண்ணன் வரல்லியா?”

“அவரு கால நீட்டிக் கெடக்காரு. வரணும்னா நீங்கதான் தூக்கிட்டு வரணும்.”

“தப்பா நினைக்காதீங்க டீச்சரே. விதி அப்படியாக்கும்.”

வந்த வழியே திரும்பினேன். மறுநாளே, என்னை உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பொதுக்குழுவில் முடிவு செய்வார்களாம். நான் உறுப்பினர் இல்லை என்பதால் எனக்கு அங்கே இடமில்லை. எனக்காகப் பேச, ஊன்றுகோலோடு என் கணவரே போனார்.

திரும்பி வந்து சொன்னார்: “அவள மெம்பர் ஆக்குங்க, நான் விலகிக்கிடுகேன்னு சொன்னேன். மெம்பருக்க புருசன்னு ஒரு வகையே விதியில இல்லியே, பெறவு நீங்க எப்படி உள்ள வருவீங்கன்னு செக்ரட்டரி கேக்காரு. நான் வரவேண்டாம்னுதானே சொல்லுகேன்னேன்.”

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு முடிவைக் கேட்டேன். கை தூக்கச் சொன்னார்களாம். எனக்காகத் தூக்கியது இவர் ஒருவர்தான்.

“பல் டாக்டர் வரல்லியா?”

“வந்திருந்தான்” என்றார், முட்டியைத் தடவிக்கொண்டு.

செயலாளர் மேல் வந்த கோபம் ஒரு டம்ளர் தண்ணீரில் அடங்குகிற கோபம். இது அப்படி இல்லை. அழுதேன். அவன் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோதுகூட நான் அழவில்லை.

மறுநாள் அவனே போன் செய்தான். “அக்கா, அண்ணனுக்க முட்டு சரியானதும் கூட்டிட்டு வாங்க. நீங்க இல்லாம ஆட்டமே ஓடல்ல.”

“நீ கை தூக்கல்லியே மக்கா.”

“அது கிளப்புக்க கொள்கை இல்லியா அக்கா. உங்க மேல எனக்கு எப்பவும் மரியாதைதான்.”

இனிமேல் அந்தப் பக்கம் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். கணவருக்கு நடக்க முடிகிற வரை ரோஷம் தாங்கியது, அதற்குமேல் என் கால் கேட்கவில்லை. அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு கோர்ட்டில் இறங்கினேன். வலைக்கு எதிர்ப்பக்கம் போய், இன்னொரு உறுப்பினரின், ஆடத் தெரியாத மனைவிக்குப் பக்கத்தில் நின்றேன்.

“அக்கா, நம்ம பக்கம் இதாக்கும்” என்றான் பல் டாக்டர்.

“நீ மெம்பர், மக்கா. நான் மெம்பருக்க பெண்டாட்டி. ஒரே பக்கம் நின்னா கிளப்புக்க கொள்கை என்னாவும்?”

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. இன்றுவரை நான் அவன் பக்கம் நின்று ஆடியதில்லை.