சிரிப்பு போடாத ஐந்து நிமிடம்

என் வீட்டுக்காரர் முப்பத்தோரு வருடம் தொலைக்காட்சி நிலையத்தில் வேலை பார்த்து, அதில் பதினொரு வருடம் நாடகங்களுக்கு நடுவே சிரிப்பு போட்டவர். என்ன வேலை என்று யாராவது கேட்டால் ஒலிப்பதிவாளர் என்பார். நான் விடமாட்டேன், சிரிப்பு போடுகிறவர் என்று கூடச் சேர்த்துச் சொல்வேன். வீட்டில் அவர் சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. மொத்தத்தையும் அங்கேயே கொட்டிவிட்டு வந்துவிடுவார் போலிருக்கிறது.

அவர் சிரிப்பு போட்டதெல்லாம் மச்சானுக்கு. எந்த நாடகத்தில் வந்தாலும் யாருக்காவது மச்சானாகத்தான் வருவார் அந்த நடிகர். அதனால் ஊருக்கே மச்சான் ஆகிப்போனார். கட்டிய புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே நானும் அவரை மச்சான் என்றுதான் சொல்வேன். வாரம் ஒரு நாள் எட்டு மணிக்கு அரை மணி நேரம், குட்டிக் குட்டி நாடகங்கள். பதினொரு வருடம் ஓடியது.

அந்த மச்சான் திங்கட்கிழமை காலையில் இறந்துபோனார். திங்களிலிருந்து என் வீட்டுக்காரருக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் அறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். டிவியைப் போடுவார், அணைப்பார், மறுபடி போடுவார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துக்கம் என்றால் உட்கார்ந்து அழ வேண்டியதுதானே, தரை தேய நடந்தால் ஆகிவிட்டதா என்று கேட்டேன். அதைக் கேட்டுக்கொண்டே மறுபடி கூடத்துக்கு நடந்தார்.

வியாழக்கிழமை மச்சானுடைய மகள் போன் செய்தாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது நிலையத்துக்கு வந்து இவர் மடியில் ஏறி உட்கார்ந்து பொத்தான்களை அமுக்கியவள். இவரைச் சிரிப்பு மாமா என்று கூப்பிடுவாள். இப்போது கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். இவருக்கு போனில் காது சரியாகக் கேட்காது என்பதால் நான்தான் பேசினேன்.

"எல்லா சேனல்லயும் அப்பாதான் அத்தை. ஆனா அப்பா வாயைத் திறந்ததும் ஊரே சிரிக்குது. எனக்கு அவர் குரல் மட்டும் வேணும். மாமாகிட்ட அப்படி ஏதாவது இருக்குமா?"

மச்சானுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து பதினொரு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் பேச்சே இல்லை. அவள் போனில் இருக்கிற வீடியோக்களிலெல்லாம் அப்பா கையைத்தான் ஆட்டுகிறாராம். பேட்டி கொடுக்கிற பழக்கமும் அந்த மனுஷனுக்குக் கிடையாது.

நான் இவரிடம் சத்தமாகச் சொன்னேன். அது முடியாதே என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். ஏன் முடியாது என்பது எனக்கும் தெரியும். மற்ற இடங்களில் முதலில் நாடகத்தைப் பதிவு செய்வார்கள், சிரிப்பைப் பிறகு சேர்ப்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. கீழே மச்சான் நடிப்பார். மாடியில் கண்ணாடி அறைக்குள் இவர் ஆறு கேசட்டுகளை வைத்துக்கொண்டு, அந்தந்த நேரத்தில் பொத்தானை அமுக்கிச் சிரிப்பை விடுவார். கீழே ஒரு சின்ன ஒலிபெருக்கியில் மச்சானுக்கும் அது கேட்கும். சிரிப்பு அடங்கும்வரை நின்று, அப்புறம் அடுத்த வரிக்குப் போவார். பிறகு ஒட்டுகிற சிரிப்பு பொய், கூடவே வருகிற சிரிப்புதான் நிஜம் என்று இரண்டு பேருக்கும் ஒரு கொள்கை. கேசட்டில் இருக்கிறது என்ன நிஜமோ! அதில் இரண்டாம் நம்பர் கேசட்டில் கீச்சென்று சிரிப்பது நான்தான். ஒரு மத்தியானம் அக்கம்பக்கத்துப் பெண்களோடு என்னையும் உட்காரவைத்துப் பதிவு செய்தார். குரலும் சிரிப்பும் தனித்தனியாக இருக்கட்டும், பின்னால் தேவைப்படும் என்று தயாரிப்பாளர் தலைபாடாக அடித்துக்கொண்டார். இவர்கள் காதில் வாங்கவில்லை. இரண்டும் ஒரே தடத்தில் பதிந்துபோனது. இனி எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது.

நிலையத்தில் இருக்கிற எல்லா டேப்பும் அப்படித்தான். அவளிடம் இல்லை என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். சொல்லு என்றார். நான் போனை எடுத்ததும் வேண்டாம் என்றார். மறுபடி நடந்தார். அப்புறம் அலமாரியைத் திறந்து, போர்வைகளுக்கு அடியில் கையை விட்டு ஒரு டேப்பை எடுத்துக் கட்டில்மேல் போட்டார். வாரத்துக்கு இரண்டு தடவை அந்த அலமாரியை அடுக்குகிறவள் நான். என் கண்ணில் படாமல் பத்தொன்பது வருடம் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னாலேயே இவருக்கு இடது காது மந்தமாகியிருக்கிறது; வயதானதால் வந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒலிப்பதிவாளருக்குக் காது போனால் வேலை போகும். என்னிடம்கூடச் சொல்லாமல் மச்சானிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். இரண்டே வாரத்தில் மச்சான் அதை நாடகமாக்கிவிட்டார். அரைக்காது மனுஷன் ஒருவன் வங்கிக்கு வருகிறான், தலையைச் சாய்த்து, உடம்பையே திருப்பித் திருப்பிக் காதைக் கொடுக்கிறான், கேட்காததற்கெல்லாம் தலையாட்டிக் கையெழுத்துப் போடுகிறான், தனக்குத்தானே பேசிக்கொண்டே இருக்கிறான். அச்சு அசல் இவர்தான். நடுவில் கேமராக்காரர்கள் இது இவர்தானே என்று மாடியைப் பார்த்தார்களாம். இவர் பொத்தான்மேலிருந்து கையை எடுத்துவிட்டார். ஐந்து நிமிடம் ஒரு சிரிப்புகூடப் போடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அன்று ராத்திரியே ஒளிபரப்பு. நான் அப்போது அம்மா வீட்டில் இருந்ததால் பார்க்கவில்லை. மறுபடி எடுக்க நேரம் இல்லாமல் அப்படியே போட்டார்கள்; அந்த டேப்பைத்தான் இவர் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒளித்திருக்கிறார். மச்சானுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று கடிதங்கள் வந்தன. மூன்று மாதத்தில் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். இவர் செய்திப் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. மச்சானுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது மருத்துவமனைக்குக் கிளம்பிப் போனவர், வண்டி நிறுத்த இடம் இல்லை என்று வாசலோடு திரும்பி வந்தார். அதை நானும் நம்பினேன், மண்டு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மச்சான்மேலும் வந்தது, இவர்மேலும் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மச்சானை நடுவீட்டில் நிறுத்தி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன், இரண்டு பேரும் மறுநாளே சேர்ந்திருப்பார்கள். ஆனால் இப்போது அதைப் பேசி என்ன. அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

"எப்படிக் கொடுக்கிறது? அதுல அவர் என்னைக் கேலி பண்றாரு. நான் அவரை அம்போன்னு விட்டிருக்கேன். இதுல எதை அந்தப் புள்ள பாக்கணும்னு சொல்ற?"

இருந்தாலும் அவளைச் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டேன். நான் சொன்னதால் இல்லை, அவள் வரப்போகிறாள் என்று தெரிந்ததால் இவர் பழைய இயந்திரத்தைத் துடைத்து டிவியோடு இணைத்தார். இணைத்தார், கழற்றினார், மறுபடி இணைத்தார்.

அவள் கடையிலிருந்து நேராக வந்தாள், சீருடையைக்கூட மாற்றவில்லை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. இவர் எதையும் விளக்கவில்லை. இதில் சிரிப்பு இருக்காதும்மா என்று மட்டும் சொல்லி டேப்பை ஓடவிட்டார். விட்டுவிட்டு எங்களுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினார்.

மச்சான் பேசினார். சிரிப்பு இல்லாமல் டிவியில் அவர் குரலை நானும் அன்றைக்குத்தான் கேட்டேன். கொஞ்சம் கரகரப்பான, சாதாரணக் குரல். பக்கத்து வீட்டில் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இதுதான் அத்தை, இப்படித்தான் வீட்டில் பேசுவார் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வரி முடிந்ததும் மச்சான் நின்றார். தலையைத் தூக்கி மேலே பார்த்தார். ஒன்றும் வராததால் அடுத்த வரிக்குப் போனார். மறுபடி நின்றார், மேலே பார்த்தார். மூன்றாவது தடவை நின்றபோது காதுக்குக் குவித்திருந்த கை கீழே இறங்கிவிட்டது. நடிப்பு மறந்துபோன முகம். ரொம்ப நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா மேல யாரைப் பாக்குறாரு?"

விளக்கைப் பார்க்கிறார் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். பின்னால் நடைச் சத்தம் நின்றது.

"என்னைத்தாம்மா பாக்குறாரு. சிரிப்பு கேக்குறாரு. நான் வேணும்னே போடல."

அவர் முழுவதையும் சொன்னார். காது, நாடகம், கோபம், மருத்துவமனை வாசல், ஒன்றையும் விடவில்லை. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். மச்சான் எப்படியோ நாடகத்தை முடித்து, ஆளில்லாத அரங்குக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

"அஞ்சு நிமிஷமும் தனியாவா நின்னாரு?"

"ஆமாம்மா."

பரவாயில்லை மாமா என்று அவள் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அப்பா உங்களைக் கேலி செய்தது தப்பு என்றாள், நீங்கள் செய்ததும் தப்பு என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஒரு தடவை போடச் சொன்னாள். இவர் போட்டுவிட்டு நகரப் போனார்.

"எங்க போறீங்க மாமா? நீங்களும் உக்காந்து பாருங்க."

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மச்சான் முதல் வரியை முடித்து நின்று தலையைத் தூக்கினார். என் வீட்டுக்காரர் இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.