கார் கடிகாரத்தில் கீறிய தேதி

வலங்கைமான் கடைத்தெருவில் பஞ்சநதம் அண்ணனைப் பற்றி யாரைக் கேட்டாலும் நேர்மையான மனுஷன் என்பார்கள். வாஸ்தவம்தான். அந்த நேர்மையை வைத்துத்தான் ஒரு பொம்பளையின் வாயை அடைத்தார்கள். அதில் எனக்கும் பங்கு உண்டு. அண்ணன் போய்ச் சேர்ந்து பதினாலு நாள் ஆகிறது. இனியும் மூடி மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

நான் டெய்லர் சிங்காரவேலு. என் கடைக்கும் அவர் கடிகாரக் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். “ஏன்டா, அந்த மிஷினைச் செத்த நிறுத்தேன்டா, கடியாரம் ஓடுற சத்தம் காதுல விழ மாட்டேங்குது” என்று நாளைக்குப் பத்துத் தடவை கத்துவார். கல்யாணத்தன்றே கண்ணில் மாட்டும் லென்ஸை நெற்றியில் ஏற்றியபடி மணையில் உட்கார்ந்த ஆள் அவர். தாலி கட்டி முடிந்த பிறகுதான் யாரோ கழற்றிவிட்டார்களாம்.

எந்தக் கடிகாரத்தைப் பழுது பார்த்தாலும், பின்மூடியின் உள்பக்கம் ஊசியால் அன்றைய தேதியைக் கீறி, பக்கத்தில் ஒரு ‘ப’ போடுவார். மறுபடி அது வந்தால் எப்போது பார்த்தோம் என்று தெரிய வேண்டுமே, அதற்காக. காலையில் முடித்த வேலைக்கு முந்தின நாள் தேதியைப் போடச் சொன்னால்கூடப் போட மாட்டார். கடைத்தெருவில் எல்லோருக்கும் இது தெரியும்.

எழுபதாம் வருஷம், தை மாதம், சம்பா அறுப்பு. புது ஆட்சி வந்து மூன்று வருஷம் ஆகப்போகும் சமயம். மேற்கே ஒரு ஊர் மிராசுதார் வேட்டிக் கரையைக் கறுப்பு சிவப்பாக மாற்றிக்கொண்டாரே தவிர வேறு எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. அறுப்புக் கூலியில் அரை மரக்கால் நெல் கூடக் கேட்டு அவர் வயலில் ஆட்கள் செங்கொடி நட்டார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று பேசியவன் வைரக்கண்ணு. சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் அவனும் அவன் பெண்டாட்டி அம்சமும் வாய்க்கால் கரை ரோட்டில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த கார் அவனை அடித்துத் தள்ளிவிட்டுப் போனது. மறுநாள் காலையில் ஆள் இறந்துபோனான். மிராசுதாரின் பச்சை ஆஸ்டின் கார்தான் அடித்தது என்று அம்சம் போலீசில் சொன்னாள். பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

திங்கட்கிழமை காலையில் அந்தப் பச்சை ஆஸ்டின் எங்கள் கடை வாசலில் வந்து நின்றது. ஒரு பக்கத்து முன்விளக்கு மட்டும் புத்தம் புதிது. மிராசுதாரின் காரியக்காரர் துரைராசு இறங்கி, “பஞ்சநதம், காருல இருக்குற கடியாரம் நின்னு போச்சு. பாரு” என்றார்.

அண்ணன் அதுவரை காரில் ஏறியதில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து, ஸ்பீடு மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த அந்த வட்டக் கடிகாரத்தை முள்ளு முள்ளாகப் பார்த்தார். அதற்குச் சாவி கிடையாது. பேட்டரி கரண்டில் ஓடுவது. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை உள்ளே இரண்டு முனைகள் தொட்டுக்கொள்ளும், ஒரு காந்தம் ‘டக்’கென்று ஸ்பிரிங்கை முறுக்கிவிடும், பிறகு அதுவாக ஓடும். கழற்றித் திறந்தால், ஏதோ ஒரு அதிர்ச்சியில் முனைகள் ஒட்டிக்கொண்டு கருகியிருந்தன. நிமிஷ முள்ளும் வளைந்திருந்தது. நைஸ் உப்புத்தாளில் முனைகளைத் தேய்த்து, முள்ளை நிமிர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, என்னைக் கூப்பிட்டார். “சிங்காரம், காதை வச்சுக் கேளு.” டக்கென்றது. சும்மா சொல்லக் கூடாது, அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

தேதி கீற ஊசியை எடுத்தபோது துரைராசு குனிந்தார். “தேதிய மட்டும் வெள்ளிக்கிழமைன்னு போட்டுரு. இன்னிக்கு அய்யாவுக்குச் சந்திராஷ்டமம். இந்தத் தேதி காருக்குள்ள இருக்கக் கூடாதுங்குறாரு.”

அண்ணனின் கை நின்றது. வைரக்கண்ணு செத்த சேதி ஞாயிற்றுக்கிழமையே கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. புது முன்விளக்கை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டியிருந்தால் போதும், ஊசியைக் கீழே வைத்திருப்பார். மிராசுதார் வீட்டுக் கல்யாணத் துணி முழுக்க என் கடையில் தைக்கக் கிடந்தது. “ஒரு கோடுதானேண்ணே, போட்டுக் குடுத்துட்டுப் போங்க” என்றேன். நாக்கா அது? அண்ணன் கீறினார்.

கோர்ட்டில் மிராசுதாரின் வக்கீல் கெட்டிக்காரர். கார்க் கடிகாரத்தை வெள்ளிக்கிழமை ரிப்பேர் செய்து, ஓட்டம் சரிபார்க்கத் திங்கட்கிழமை வரை கார் வலங்கைமான் கடைத்தெருவிலேயே நின்றது என்றார். அண்ணனும் கூண்டில் ஏறி ஆமாம் என்றார். கடிகாரத்தைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து காட்டினார். அதோடு விடவில்லை. பஞ்சநதம் பழுது பார்த்த கைக்கடிகாரம் இங்கே யாரெல்லாம் கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார். கோர்ட் குமாஸ்தா ஒருவர், ஒரு கான்ஸ்டபிள், வேறு வழக்குக்கு வந்திருந்த ஒரு பாய் என்று மூன்று பேர் கழற்றிக் கொடுத்தார்கள். அண்ணன் லென்ஸை மாட்டி ஒவ்வொன்றாகத் திறந்து தேதியைப் படித்தார். “ஆமா, மச்சினன் கல்யாணத்துக்கு மொத நாள்” என்றார் குமாஸ்தா. “சரிதான், நான் மாத்தலாகி வந்த வாரம்” என்றான் கான்ஸ்டபிள். பாய் சொன்னதும் சரியாக இருந்தது. இருபது வருஷ நேர்மை அந்தக் கால் மணி நேரத்தில் வந்து பொய்க்குச் சாட்சி சொன்னது. அண்ணன் லென்ஸைக் கழற்றாமலே கூண்டிலிருந்து இறங்கியதை நான் பின் பெஞ்சிலிருந்து பார்த்தேன்.

“எங்கண்ணால பாத்தேங்க, எங்கண்ணால பாத்தேங்க” என்று அம்சம் சொல்லிக்கொண்டே இருந்தாள். வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. புருஷன் செத்த துக்கத்தில் யாரோ தூண்டிவிட்டதைச் சொல்கிறாள் என்று ஆகிவிட்டது.

அதற்கப்புறம் அண்ணன் எந்தக் கடிகாரத்திலும் தேதி கீறவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குக் கண் மங்கிவிட்டது என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவே இல்லை. மிஷினை நிறுத்தச் சொல்லிக் கத்துவதும் நின்றுபோனது.

பதினோரு வருஷம் கழித்து ஒருநாள் காலையில், “அம்சத்தைப் பாத்துச் சொல்லிரலாம்னு இருக்கேன். கூட வர்றியா?” என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு எந்த வாய் இருக்கிறது? போனேன்.

காலனி வீட்டு வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. அண்ணன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். திங்கட்கிழமை வந்த கார், வெள்ளிக்கிழமை என்று கீறியது, கோர்ட்டில் சொன்னது, எல்லாம். நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டார்.

அம்சம் முறத்தைக் கீழே வைத்தாள். “அப்ப, அந்தப் பச்சைக் காருதானா அடிச்சிச்சு?”

அண்ணனுக்குப் புரியவில்லை. “நீதானம்மா பாத்தே?”

“பாத்தேன்னுதான் நெனச்சேன். பஞ்சநதம் போட்ட தேதி பொய் சொல்லாதுன்னு ஊரே சொல்லிச்சு. அப்ப எங்கண்ணுதான் பொய் சொல்லியிருக்கணும்னு நெனச்சுக்கிட்டேன். மசங்கல்ல வேற காராப் பாத்துட்டு, ஒரு மனுசன் மேல கொலைப்பழி போட்டுட்டமேன்னு ராவும் பகலும் அரிச்சிச்சு. அவுங்க வாசல்ல போயி விழுந்து மன்னிப்புக் கேட்டேன். எம் மவன் ரெத்தினத்தையும் அங்கயே வேலைக்கு வுட்டேன். அந்தக் காரை இப்ப அவந்தான் ஓட்டுறான்.”

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “அவன்கிட்ட நானே சொல்றேம்மா” என்றார்.

“சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டான்” என்றாள். அதற்கப்புறம் அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

அண்ணன் அன்றைக்கே ரெத்தினத்திடம் போய்ச் சொன்னார். அவன் கார்ச் சாவியை மிராசுதார் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டான். ஊருக்கெல்லாம் அது தெரியும். தெரியாதது ஒன்று உண்டு.

நாங்கள் கிளம்பும்போது அம்சம் உள்ளே போய் ஒரு சொம்போடு வந்தாள். என்னிடம் நீட்டினாள். “இத்தினி வருசம் வராதவரு இன்னிக்கு வந்துருக்காருன்னா, நீங்க சொல்லித்தான் வந்துருப்பாரு. நல்ல மனுசன் நீங்க. எங்க வூட்டுத் தண்ணி குடிப்பீங்களா?”

அண்ணன் என்னைப் பார்த்தார்.

“குடிப்பேம்மா” என்று வாங்கி, சொம்பு காலியாகும் வரைக்கும் குடித்தேன்.