காந்த மேஜை மேல் வைத்த ஃப்ளாப்பிகள்

தொண்ணூறுகளின் கடைசியில், ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நடந்தது இது. தெற்கத்திச் சீமையிலிருந்து நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. இன்னும் ஒரு மாதம் தாண்டினால் வேலை நிரந்தரம். கம்ப்யூட்டர் படித்தவன் நான் ஒருத்தன்தான் என்பதால், மானிட்டரில் தூசி படிந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் தலையில் கொஞ்சம் கனம் ஏறியிருந்தது.

அப்போது ஓசூரில் எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் தரச் சான்றிதழ் பற்றித்தான் பேச்சு. அது இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை என்று எங்கள் பெரிய வாடிக்கையாளர் பெங்களூரிலிருந்து சொல்லிவிட்டார். அதற்காக ஒவ்வொரு மெஷினையும் எப்படி ஓட்டவேண்டும் என்று ஒரு கையேடு தயாரானது. கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் டைப்பிஸ்ட் அக்கா, ஆபீஸில் நாங்கள் எழுதித் தரத் தர, மூன்று மாதம் உட்கார்ந்து அதை அடித்து முடித்திருந்தார். பக்கம் தயாராகத் தயாராக, அந்தந்த மெஷின் அருகே பிளாஸ்டிக் உறையில் தொங்கவிட்டோம். மொத்தமாக அச்செடுத்து பைண்டு செய்வது மட்டும் பாக்கி. திங்கட்கிழமை சான்றிதழுக்காகச் சோதிக்க ஆடிட்டர் வருகிறார்.

இந்த நேரத்தில்தான் எனக்கு ஞானம் பிறந்தது. எங்கள் கம்ப்யூட்டரில் இருந்த சிஸ்டம் ஒரிஜினல் இல்லை. கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தவர் போட்டுக் கொடுத்த காப்பி. லைசென்ஸ் எங்கே என்று ஆடிட்டர் கேட்டால் யார் பதில் சொல்வது? பெங்களூரில் வாங்கிய ஒரு பத்திரிகையோடு லினக்ஸ் என்ற வேறொரு சிஸ்டத்தின் சிடி இலவசமாக வந்திருந்தது. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்று அதில் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

புதன்கிழமை கையேட்டை ஒன்பது ஃப்ளாப்பிகளில் காப்பி எடுத்தேன். வியாழக்கிழமை லினக்ஸைப் போட்டேன். டிஸ்க் முழுவதையும் அழிக்கலாமா என்று அது கேட்டபோது, தாராளமாக என்று தட்டினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து நின்றதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். முதல் ஃப்ளாப்பியைப் போட்டேன். படிக்கவில்லை. இரண்டாவதும் படிக்கவில்லை. ஒன்பதாவது வரை எதுவுமே படிக்கவில்லை.

"யா அல்லா! மூணு மாசம் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா தன் விரல்களைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

எங்கள் மேனேஜருக்குக் கோபம் வந்தால் தமிழ் மறந்துவிடும். "ஏனப்பா மாடிதே இது?" என்று, என்னப்பா செய்தாய் என்பதைக் கன்னடத்தில் ஆரம்பித்து, "திங்கக்கிழமை உன்னையே பைண்டு பண்ணி ஆடிட்டர் கையில கொடுக்கட்டுமா?" என்று தமிழில் முடித்தார். ஊருக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று நான் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் கிரைண்டிங் மெஷின் ஓட்டும் அண்ணன். உத்தனப்பள்ளிக்காரர்.

"நேத்து டீ குடிக்க வந்தப்ப அந்த டப்பாவ எம் மெஷின் மேலதானேப்பா வெச்ச?"

அந்த மெஷினின் மேஜை இரும்பைப் பிடித்து நிறுத்தும் பெரிய காந்தம்; ஃப்ளாப்பியில் இருப்பதையெல்லாம் துடைத்துவிடும். அதன் மேல் கால் மணி நேரம் ஃப்ளாப்பி டப்பாவை வைத்துவிட்டு ஊர்க்கதை பேசியிருக்கிறேன். கம்ப்யூட்டர் படித்த ஒரே ஆள்!

அண்ணன் அதோடு விடவில்லை. "தாளெல்லாம் மெஷின்கிட்ட தொங்குதே, அதப் பாத்து அடிச்சா ஆவாதா?" என்றார். பதற்றத்தில் எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை.

உறைகளைக் கழற்றிக்கொண்டு வந்தால் எனக்கு அடுத்த அதிர்ச்சி. தாள் முழுக்க எண்ணெய்க் கறை, அதற்கு மேல் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பென்சில் எழுத்து. அந்தத் தாளில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. யார் கிறுக்கியது என்று சத்தம் போட்டேன்.

"கிறுக்கல் இல்லப்பா. நூறு பீஸுக்கு ஒருக்கா சாணைக்கல்ல சரிபண்ணச் சொல்லி எழுதியிருக்கீங்க. அப்படி ஓட்டுனா பீஸ் எல்லாம் கருகிடும். நாப்பதுக்கு ஒருக்கா பண்ணணும். சொல்லலாம்னா எங்கள ஆபீஸ் பக்கம் யாரு விடறாங்க?" என்றார் அண்ணன்.

ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேறு ஏதோ கையேட்டைப் பார்த்து நாங்கள் எழுதியதை, ஓட்டுகிறவர்கள் சத்தமில்லாமல் திருத்தி வைத்திருந்தார்கள். மேனேஜர் தாள்களோடு மெஷின் மெஷினாகப் போய், ஓட்டிப் பார்க்கச் சொல்லி, சரியான திருத்தங்களுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார்.

அக்கா ஒருவரே அத்தனையையும் அடிக்க முடியாது. அங்கேதான் லினக்ஸ் கைகொடுத்தது. ஸ்டோரில் பழைய டெர்மினல்கள் இரண்டு குப்பையோடு கிடந்தன. திரையும் கீபோர்டும் மட்டும் உள்ளவை. சிடியிலேயே இருந்த குறிப்புகளைப் படித்து, கேபிள் இழுத்து, இரண்டையும் எங்கள் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். ஒரே கம்ப்யூட்டரில் மூன்று பேர் ஒரே நேரத்தில் அடிக்கலாம்! சனி, ஞாயிறு இரண்டு பகலும் ஒன்றில் அக்கா, ஒன்றில் நான். மூன்றாவதில் அண்ணன், தன் மெஷின் பக்கத்தைத் தானே அடிப்பேன் என்று ஒற்றை விரலோடு உட்கார்ந்துவிட்டார். அவர் ஒரு பக்கம் முடிப்பதற்குள் அக்கா பதினொன்று முடித்துவிட்டு, "அண்ணே, மெஷினுக்கு எண்ணெய் போடட்டுமா?" என்று கேட்டார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

திங்கட்கிழமை ஆடிட்டர் லைசென்ஸைப் பற்றிக் கேட்கவே இல்லை. கையேட்டை எடுத்துக்கொண்டு நேராக கிரைண்டிங் மெஷினுக்குப் போனார். "கல்லை எப்போது சரிபண்ணுவீர்கள்?" என்றார். "நாப்பது பீஸுக்கு ஒருக்கா சார்" என்றார் அண்ணன். ஆடிட்டர் பக்கத்தைப் புரட்டினார். நாற்பது என்றே இருந்தது. அண்ணன் ஒற்றை விரலால் அடித்த நாற்பது. பழைய கையேடு இருந்திருந்தால் சான்றிதழ் அந்த இடத்திலேயே போயிருக்கும்.

சான்றிதழ் கிடைத்தது. அடுத்த மாதம் என் வேலையும் நிரந்தரமானது. அதற்குப் பிறகு எத்தனையோ கம்பெனிகளில் எத்தனையோ சிஸ்டம் போட்டுவிட்டேன். எங்கே போனாலும் கையேட்டின் முதல் அச்சுப் பிரதியை, அதை வைத்து வேலை செய்யப்போகிறவர் கையில் ஒரு பென்சிலோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறேன்.