பாடு நாளும் ஊசியும்

பழவேற்காடு ஏரியில் எங்கள் ஊர்க்காரர்கள் முறை வைத்துத்தான் வலை போடுவார்கள். அந்த முறையைப் பாடு என்போம். கொரோனா சமயத்தில், ஊசி போடாதவருக்குப் பாடு கிடையாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது.

என் கணவர் எகிறினார். "என் ஒடம்புல ஊசி குத்தச் சொல்ல ஊரு யாரு?"

என் அண்ணன் விடவில்லை. "நீ இருமினா, அதே படகுல வர்ற நாங்க எங்க போறது மாப்ள?"

இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. நடுவில் நான் ஓய்ந்துபோனேன்.

கடைசியில், பாடு நாளுக்கு முந்தின நாள் இவர் வேண்டாவெறுப்பாகப் போய்ப் போட்டுக்கொண்டார். காய்ச்சல் வரலாம், ஓய்வெடுங்கள் என்று நர்ஸம்மா சொன்னதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. பாடு போய்விடுமே என்ற பயம். மறுநாள் நடு ஏரியில் காய்ச்சலில் நடுங்கி, வலையோடு தண்ணீரில் விழுந்தார். முடியைப் பிடித்துத் தூக்கியது அண்ணன்தான்.

கரைக்கு வந்ததும், "பாத்தியா, ஊசி இன்னா பண்ணுச்சுனு!" என்று இவர் ஆரம்பித்தார்.

"ஊசி போட்டுக்கினு மறுநாளே யாரு ஏரிக்கு வருவா?" என்றான் அண்ணன்.

அதிலிருந்து எந்த ஊசியானாலும் நான் யாரோடும் வாதாடுவதில்லை. பாடு முடிந்த மறுநாளாகப் பார்த்து இவரைக் கூட்டிப்போகிறேன். வழியெல்லாம் ஊசியைத் திட்டிக்கொண்டே வருகிறார். அங்கே போனதும் கையை நீட்டிவிடுகிறார்.

- ஒரு வாசகி, பசியாவரம்